விபத்தும் இரண்டரை நாழிகையும்

வராக நதி பாயும் பெரியகுளத்தை அடுத்துள்ளது வடுகபட்டி. பூண்டு வாணிகத்தாற் பெயர்பெற்ற ஊர் அது. கோடைக்கானல் மலைமேற் பூம்பாறையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் விளையும் மலைப்பூண்டு, லாரிகளில் ஏறிக் கொண்டை ஊசி வளைவுகள் பல கடந்து, இவ்வூர்ச் சந்தைக்கு வந்து சேர்கின்றது. அப்பூண்டு 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் பெற்றது. ஊருக்குச் செல்வம் கொணரும் இப்பாதையே சிலவேளைகளில் உயிருக்கு இடையூறும் கொணர்கின்றது. அன்றியும், மரம் ஏறுதல், கிணறு வெட்டுதல், அரிவாள் பிடித்தல், காளை அடக்குதல் ஆகிய யாவும் காயத்திற்கு இடனானவை. ஆதலின் இவ்வூர் போன்ற ஓர் ஊரை முன்னிறுத்தி, காயம் நேர்ந்த வேளையிலும், உடனே கத்தி வைக்கவேண்டிய நோய் தோன்றிய வேளையிலும் முதலில் நோக்கற்பாலது எது, செய்யத்தகாதது எது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

மருத்துவம் பயிலாத நமக்கு இஃது எற்றுக்கு என்று சிலர் வினவலாம். காயமுற்றான் ஒருவனை முதலில் அடைவது மருத்துவன் கையன்று. பக்கத்தில் நிற்பவன் கையே. அக்கை அறிவுடைய கையாயின் மருத்துவமனை பயன்படும்; அறியாத கையாயின், எத்துணைப் பெரிய மருத்துவமனையும் காலங்கடந்ததாகிவிடும். இதுவே நம் விடை.

சாலையில் ஒரு மாலை

ஒரு நிகழ்ச்சியை மனத்தால் எண்ணிப் பார்ப்போம். பொழுது சாயும் நேரம். தலைக்கவசம் அணியாத இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் விரைந்து வருகின்றான். பின்னோக்கி நகர்ந்த லாரியொன்றின் மீது மோதி விழுகின்றான். நெற்றியில் இரத்தம் வழிகின்றது. வலத் தொடை வளைந்து கிடக்கின்றது. கண் திறவாமல் உரக்கக் குறட்டை விடுகின்றான். கூட்டம் கூடுகின்றது. "மூச்சு நன்றாய்த்தான் வருகிறது; மயக்கந்தான்" என்கின்றார் ஒருவர். மற்றொருவர் ஓடிச்சென்று சோடா வாங்கி வந்து வாயில் ஊற்றுகின்றார். ஒரு மூதாட்டி நெற்றியில் அப்புதற்குக் காப்பித்தூள் கொணர்கின்றாள். இருவர் கையையும் காலையும் பற்றித் தூக்கி, உடலை இரண்டாக மடித்து ஆட்டோவினுள் திணிக்கின்றனர். எஞ்சியோர் லாரி ஓட்டுநரைச் சூழ்ந்து கொள்கின்றனர்.

இவர்களுள் தீயவர் ஒருவரும் இலர். யாவரும் அவன் பிழைக்கவேண்டும் என்றே விழைந்தனர். ஆயினும் அவர்கள் செய்தவற்றுள் ஒவ்வொன்றும் அவன் உயிரைக் குறைத்தது. குறட்டை என அவர் கேட்டது உறக்கத்தின் ஒலியன்று. நினைவிழந்தவன் நாக்கு பின்சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கும் ஒலி. சோடா இரைப்பைக்குச் செல்லாமல் நுரையீரலுக்குச் செல்லும். மடித்துத் தூக்கியதனால், முறிந்த கழுத்தெலும்பு உள்ளிருக்கும் தண்டுவடத்தை நசுக்கக்கூடும். அன்பு மட்டும் போதாது. அன்புக்கு ஒரு வரிசை வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

வரிசை பிறந்த வரலாறு

காயமுற்றோரைத் தகுதி நோக்காது காயத்தின் கடுமை நோக்கிப் பிரித்துக் கவனிக்கும் முறையை வற்புறுத்தியவர், நெப்போலியன் படையில் சத்திர வைத்தியராயிருந்த தொமினிக் லாரே என்பவர். தளபதியாயினும் கடைநிலை வீரனாயினும், உயிர் எவனுக்கு விரைந்து போகின்றதோ அவனையே முதலில் எடுக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. போர் முடியுந்துணையும் காத்திராமல் களத்தினின்றே காயமுற்றோரை ஏற்றிவரக் குதிரை வண்டிகளையும் அவர் அமைத்தார்.

இக்காலத்து முறை பிறந்தது ஒரு குடும்பத்தின் துயரத்திலாகும். 1976-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள், அமெரிக்க நாட்டு எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் என்பார், தம் மனைவியையும் மக்கள் நால்வரையும் ஏற்றித் தாமே செலுத்திவந்த சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்தின் நாட்டுப்புறத்தில் வீழ்ந்தது. மனைவி அங்கேயே உயிர் நீத்தார். மக்களுட் சிலர் கடுங்காயமுற்றனர். இருளிற் சாலைக்கு நடந்துசென்று, வந்த காரை நிறுத்தி, அவர் மக்களைச் சிற்றூர் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். அது மூடிக்கிடந்தது. வரவழைக்கப்பட்ட மருத்துவரும் பல காயமுற்றாரை ஒருங்கே கையாளும் பயிற்சியில்லாதவராயிருந்தார். அக்குறை மனிதருடையதன்று, முறையுடையது என்று ஸ்டைனர் உணர்ந்தார். தம் நண்பரோடு கூடி ஒரு பாடத்திட்டம் வகுத்தார். 1978-இல் அப்பாடம் முதன்முதல் நடத்தப்பெற்றது. 1980-இல் அமெரிக்கச் சத்திர வைத்தியர் கல்லூரி அதனை ஏற்றது. இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் மருத்துவர் அதனைக் கற்கின்றனர். அதன் சாரம் ஒரு வாக்கியத்தில் அடங்கும்: முதலில் கொல்வது எதுவோ அதனை முதலில் தீர்த்துவிட்டே அடுத்ததற்குச் செல்லவேண்டும், நோயின் பெயர் தெரியும்வரை காத்திருத்தல் ஆகாது.

ஆறு படிகள்

இனி அவ்வரிசையை நம் இளைஞன்பால் வைத்துக் காண்போம்.

முதலாவது, பீறிட்டோடும் குருதி. தொடையிலோ கையிலோ இரத்தம் பாய்ந்து வெளிவருமாயின், மற்றெதற்கும் முன்னர்த் தூய துணியை வைத்து உள்ளங்கையால் விடாது அழுத்துக. அடிக்கடி எடுத்துப் பார்த்தல் தவறு. உறையத் தொடங்கிய குருதி மீண்டும் பெருகும். அழுத்தியும் நில்லாத கை கால் காயத்திற்கு மேற்புறம், அகன்ற துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வைக்கவேண்டும். மெல்லிய கயிறு கொண்டு கட்டுதல் தசையை அறுக்கும்.

இரண்டாவது, மூச்சுப்பாதை. குறட்டை, களகளவென்னும் ஒலி, பேச்சின்மை ஆகியன அடைப்பின் அடையாளங்கள். தன் பெயரைத் தெளிவாகக் கூறுபவனுக்குப் பாதை திறந்திருக்கின்றது என்று கொள்ளலாம். கூறாதவனுக்கு, கழுத்தை வளைக்காமல், இருபுறத் தாடைக் கோணங்களையும் விரல்களால் முன்னோக்கித் தூக்குக. குறட்டை நின்று மூச்சு வருதலைக் கண்முன் காணலாம். வாந்தி வருமாயின், தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே மரத்துண்டு போல ஒருங்கே திரும்புமாறு பலர் கூடிப் பக்கவாட்டிற் சாய்க்கவேண்டும்.

மூன்றாவது, மூச்சு. மார்பின் இருபுறமும் ஒத்து எழுகின்றனவா என நோக்குக. விலா முறிந்து நுரையீரல் கிழிந்தால், காற்று மார்பறையிற் புகுந்து வெளியேற வழியின்றி நிறைந்து, இருதயத்தையே ஒருபுறம் தள்ளும். மருத்துவர் இதற்குப் படம் பிடித்துக் காத்திரார். ஊசியாலோ விரலாலோ வழிதிறந்து காற்றை வெளியேற்றுவார்.

நான்காவது, குருதியோட்டம். ஐம்பது கிலோகிராம் எடையுள்ள ஒருவர்க்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டர் குருதி உண்டு. அதில் 15 முதல் 30 விழுக்காடு வரை போனாலும் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வீழ்வதில்லை. நாடி நூறுக்கு மேல் விரையும், தோல் குளிரும், ஆள் கலங்குவான், அவ்வளவே. அழுத்தம் வீழக் காண்கையில் மூன்றிலொரு பங்கு முன்னரே போயிருக்கும். ஆகவே, "அழுத்தம் சரியாயிருக்கின்றது" என்னும் சொல்லால் ஏமாறலாகாது. அன்றியும், வெளியே தெரியும் குருதியினும் தெரியாத குருதியே கொடிது. முறிந்த ஒரு தொடையெலும்பு ஒன்றரை லிட்டர் வரை தன்னுள் மறைக்கும். இடுப்பெலும்பு முறிந்தால் அதனினும் மிகும். காலை அசையாமல் மூங்கிலோடேனும் மற்றைக் காலோடேனும் சேர்த்துக் கட்டுதலும், மடித்த வேட்டியொன்றை இடுப்பெலும்பைச் சுற்றி இறுக்குதலும் குருதி காக்கும் செயல்களேயாம். மருத்துவமனையில், குருதி உறைதலைக் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மலிவான மருந்தும் உதவும். 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட காயமுற்றாரிடம் நடத்திய ஆராய்ச்சி 2010-இல் வெளிவந்தது. காயம் நேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் இம்மருந்தைக் கொடுத்தால் குருதிப்போக்கால் நேரும் மரணம் குறைகின்றது என்றும், அதன் பின்னர்க் கொடுத்தால் அப்பயன் கிட்டாது, தீங்கும் நேரலாம் என்றும் அது காட்டிற்று. மருந்துக்கும் ஒரு கடிகாரம் உண்டு என்பதை நோக்குக.

ஐந்தாவது, மூளை. 1974-இல் கிளாஸ்கோ நகரத்து டீஸ்டேல், ஜென்னெட் என்னும் இருவர் வகுத்த அளவுகோல், கண் திறத்தல், பேசுதல், கை கால் அசைத்தல் ஆகிய மூன்றையும் நோக்கி 3 முதல் 15 வரை மதிப்பிடும். எட்டும் அதற்குக் கீழும் பெற்றவன் தன் மூச்சுப்பாதையைத் தானே காக்கவியலாதவன். நாம் கவனிக்கற்பாலது வேறொன்றும் உண்டு. விழுந்தெழுந்து நன்றாகப் பேசியவன், சிறிது பொழுது கழித்துத் தலைவலித்து வாந்தியெடுத்து மயங்குவானாயின், மண்டையுள் குருதி தேங்குகின்றது என்று அறிந்து விரைக. "நன்றாய்த்தானே பேசினான்" என்பது அவ்வீட்டார் பின்னர்ச் சொல்லும் சொல்லாகிவிடலாகாது.

ஆறாவது, உடல் முழுதும் நோக்குதலும் குளிர் காத்தலும். உடைக்குள் மறைந்த காயம் கண்ணுக்குத் தப்பும். ஆனால் பார்த்தபின் போர்த்துக. குளிர்ந்த உடலிற் குருதி உறையாது.

நம் நாட்டுக் காயங்கள் சில

தென்னையிலிருந்து வீழ்ந்தவன் காலை அசைக்கவியலாது கிடப்பானாயின், அவனை எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தல் பெருந்தீங்கு. பலகையோ கதவோ கொண்டு, கழுத்தை இருபுறமும் தாங்கி ஏற்றுக. அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி முதலிய ஊர்களின் சல்லிக்கட்டில் கொம்பு வயிற்றைக் கிழித்துக் குடல் வெளிவரின், அதனை உள்ளே தள்ளலாகாது. ஈரமான தூய துணியால் மூடி விரைக. உடலிற் குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்கலாகாது. அதுவே அடைப்பாயிருந்து குருதியைத் தடுத்துக் கொண்டிருக்கலாம். இயந்திரத்தில் விரல் துண்டாயின், அத்துண்டை ஈரத் துணியிற் சுற்றிப் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் கொண்டு செல்க. பனிக்கட்டியில் நேரே புதைத்தால் தசை வெந்ததுபோற் கெடும். காப்பித்தூள், சாம்பல், மஞ்சள், நசுக்கிய பூண்டு ஆகிய யாவும் அடுக்களைக்கு உரியன. புண்ணுக்கு உரியன அல்ல. பூண்டால் வாழும் ஊரார்க்கு இதைக் கூறுதல் பற்றி மன்னிப்பாராக.

குரங்கணி கற்பித்த பாடம்

2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் இம்மாவட்டத்தார் மறக்கவியலாத நாள். கொழுக்குமலையிலிருந்து போடிக்கு மேலுள்ள குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வாகனம் செல்லாத அச்சரிவிலிருந்து காயமுற்றோரை ஊர்மக்களும் அரசுப் பணியாளரும் இரவெல்லாம் சுமந்து இறக்கினர். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. போடியிலும் தேனியிலும் முதற் சிகிச்சை பெற்றோர் பலர் மதுரைக்கு அனுப்பப்பெற்றனர்.

தீக்காயத்திற் கொல்வது வெந்த தோல் மட்டுமன்று. அதன்வழி வெளியேறும் உடல் நீருமாம். எவ்வளவு வெந்தது என்பதைக் காண 1951-இல் வாலஸ் என்பார் பரப்பிய ஒன்பதின் கணக்கு எளிது: தலை 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, மார்பும் வயிறும் 18, முதுகு 18, மறைவிடம் 1, ஆக 100. பார்க்லாந்து முறையென்று வழங்கும் கணக்கின்படி, எடையையும் வெந்த விழுக்காட்டையும் நான்காற் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்துக்குரிய நீர் மில்லிலிட்டரிற் கிடைக்கும். ஐம்பது கிலோகிராம் எடையும் 40 விழுக்காட்டுக் காயமும் உடையவர்க்கு 8,000 மில்லிலிட்டர். அதிற் பாதி முதல் எட்டு மணி நேரத்தில் ஏற்றப்படவேண்டும். அவ்வெட்டு மணி மருத்துவமனை வாயிலிலன்று, தீப்பட்ட நொடியில் தொடங்குகின்றது. ஆறு மணி நேரம் மலையிற் கழிந்ததாயின், எஞ்சியவை இரண்டே. இக்காலத்தார் நான்குக்கு மாறாக இரண்டாற் பெருக்கித் தொடங்கி, சிறுநீரின் அளவைப் பார்த்துக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கின்றனர்; மிகைநீரும் நுரையீரலை நனைத்துக் கெடுக்குமாதலின். ஆயினும் கடிகாரம் எப்பொழுது ஓடத் தொடங்கியது என்பதில் மாற்றமில்லை. தீப்பட்ட இடத்தில் ஓடும் குளிர்நீரை 20 நிமிடம் விடுதலே நாம் செய்யத்தக்கது. பேனா மையும் பற்பசையும் வேண்டா.

வெளியே தெரியாத காயம்

இனி, சாலையிலன்றி வீட்டினுள்ளே நேரும் ஆபத்தைக் காண்போம். நேற்றுவரை நலமாயிருந்தவனுக்குக் கடும் வயிற்றுவலி தோன்றி ஆறு மணி நேரத்திற்கு மேலும் நீங்காதாயின், அது சத்திர வைத்தியர் காணவேண்டிய நோயாகவே இருத்தல் கூடும். நம் ஊர்களில் "குடல் ஏறிவிட்டது" என்று எண்ணெய் தடவி வயிற்றைப் பிசைவாரும், விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவாரும் உளர். குடல்வால் அழற்சியில் இவை இரண்டும் நஞ்சினும் கொடியன. அந்நோயின் இயல்பை 1886-இல் பாஸ்டன் நகரத்து ரெஜினால்டு ஃபிட்ஸ் விளக்கினார். வலி கொப்பூழைச் சுற்றித் தொடங்கி, சில மணி கழித்து வலப்புற அடிவயிற்றில் வந்து நிலைக்கும். வீங்கிய குடல்வால் வெடிக்கும்பொழுது வலி சிறிதுநேரம் தணிதலும் உண்டு. "குணமாயிற்று" என வீட்டார் மகிழும் அவ்வேளையிலேயே சீழ் வயிறெங்கும் பரவுகின்றது.

வலியால் புரண்டு துடிப்பவனினும், அசைந்தால் வலிக்கும் என்று அஞ்சி மரம்போற் கிடப்பவன், பலகைபோல் இறுகிய வயிற்றினன், மிக்க ஆபத்திலிருக்கின்றான், குடற்புண் துளைபட்டிருக்கலாம். தொடையிடுக்கில் நாள்தோறும் ஏறி இறங்கிய வீக்கம் இன்று இறங்காமல் வலித்து வாந்தியும் வருமாயின், உள்ளே சிக்கிய குடல் அழுகத் தொடங்கும். சிறுவனுக்கு விதையில் திடீர் வலி தோன்றின், நாணத்தால் மறைத்தலாகாது. முறுக்குண்ட விதையைக் காக்க ஏறத்தாழ ஆறு மணி நேரமே உண்டு. மாதவிலக்குத் தள்ளிய பெண்ணுக்கு அடிவயிற்று வலியும் மயக்கமும் வரின், கருப்பைக்கு வெளியே தங்கிய கரு வெடித்துக் குருதி உள்ளே பெருகுகின்றதோ என்று ஐயுறுக. இவை யாவற்றிலும் உண்ணவும் பருகவும் கொடாமல் விரைந்து கொண்டுசெல்லுதலே முறை. வயிறு நிரம்பியவனுக்கு மயக்க மருந்து கொடுத்தல் இடர்மிக்கதாகும்.

இன்று உள்ள துணைகள்

பால்டிமோர் நகரத்துச் சத்திர வைத்தியர் கௌலி, காயமுற்ற பின் வரும் முதல் மணி நேரத்தைப் பொன்னான மணி என்றார். நம் முன்னோர் கணக்கில் அஃது இரண்டரை நாழிகை. அஃது அளந்தறிந்த எல்லையன்று. மூச்சடைத்தவனுக்குச் சில நிமிடங்களே உண்டு. ஆயினும் விரைவின் அருமையை அப்பெயர் நெஞ்சில் நிறுத்துகின்றது.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-இல் ஓடத் தொடங்கிற்று. பெரியகுளத்தில் அரசு மருத்துவமனையும், க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-இல் தொடங்கப்பெற்ற "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" என்னும் அரசுத் திட்டம், சாலை விபத்தில் காயமுற்றார்க்கு அவர் எந்நாட்டாராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க ஏற்பட்டது. "கொண்டு சென்றால் போலீசும் கோர்ட்டும் நம்மைச் சூழுமே" என்னும் அச்சத்திற்கும் இடமில்லை. 2016-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்த நெறிகளும், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திற் சேர்ந்த 134அ பிரிவும் உதவியவரைக் காக்கின்றன. உதவியவர் தம் பெயரைக் கூறவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிச் செல்லாத சமாரியன் பெயரையே உலகம் இத்தகையோர்க்கு வழங்குகின்றது. நம் கல்லூரியில் அக்கதையை அறியாதார் இலர்.

நிற்க. நாம் எண்ணிப் பார்த்த இளைஞனிடம் மீள்வோம். அதே சாலை, அதே மாலை, அதே கூட்டம். ஆயின் இம்முறை ஒருவர் முழந்தாளிட்டு அவன் தாடையை முன்னோக்கித் தூக்குகின்றார், குறட்டை நிற்கின்றது. மற்றொருவர் அவன் தலையை இருகையாலும் அசையாது பிடிக்கின்றார். இன்னொருவர் தொடையை மூங்கிலோடு கட்டுகின்றார். நான்காமவர் 108-ஐ அழைத்து, இடமும் நேரமும் தெளிவாகக் கூறுகின்றார். சோடாப் புட்டி திறக்கப்படவில்லை. இந்நால்வரும் மருத்துவரல்லர். மருத்துவர் செய்யவேண்டியதைச் செய்தற்கு அவனை உயிரோடு கொண்டுசேர்த்தவர், அவ்வளவே. மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் திரும்பும் நீவிர், அந்நால்வருள் ஒருவராக நிற்றற்கு வேண்டும் பயிற்சியை இவ்வாண்டே பெறுவீராக. குறட்டைக்கும் உறக்கத்திற்கும் உள்ள வேற்றுமையை அறிந்தவர் ஒருவர் அவ்விடத்தில் இருத்தலும் இல்லாமையுமே, ஒரு தாய் அன்றிரவு தன் மகனை மருத்துவமனைக் கட்டிலிற் காண்பதா, வேறிடத்திற் காண்பதா என்பதை முடிவுசெய்யும்.